தற்கொலை செய்து இறந்தவருக்குக் கோவிலில் பூசை (திருப்பலி) உண்டா? மந்திரித்த (குரு செபித்து ஆசீர்வதித்த) கல்லறை உண்டா?

மலையடிவாரம் எழுதியது:

மரியே வாழ்க. ஏற்காடு மலையில் எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) ஒரு சாவு. காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. தற்கொலை. ஆறேழு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சு இல்லை, வட்டிக் கடன் வேறு. சேலத்தில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் மலைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. "இந்த மாதிரிச் சாவுக்குப் பூசை கிடையாது" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டாரும் பங்குத்தந்தையிடம் கேட்காமலேயே பெட்டியைக் கோவில் வாசலைத் தாண்டி நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வேலியோரமாக அடக்கம் செய்துவிட்டார்கள். குருவுக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் ஒரு செபம் சொன்னார், அவ்வளவுதான். இன்றோடு பத்து நாள்.

அவருடைய அம்மா கேட்கும் கேள்விகளுக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. பூசை வைக்க இனிமேல் வழி உண்டா? குழியை வேலியோரத்திலிருந்து மாற்ற வேண்டுமா? பிள்ளை நரகத்துக்குத்தான் போயிருப்பான் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களே, திருச்சபை உண்மையில் அப்படிப் போதிக்கிறதா? ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.


சட்டநூல் வாசகர் எழுதியது:

பூசை உண்டு. அடக்கத்தின்போதே வைத்திருக்கலாம், இப்போதும் வைக்கலாம்.

இன்று நடைமுறையில் இருப்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. யாருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கலாம் என்பதை 1184ஆம் சட்டம் சொல்கிறது. மூன்றே வகையினர்தான்: விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலித்தவர், தப்பறையை (திருச்சபை மறுத்த தவறான போதனையை) பற்றிக்கொண்டவர், பிரிவினைக்குப் போனவர் என்போர் முதல் வகை. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு தன் உடலை எரிக்கச் சொன்னவர் இரண்டாம் வகை. சடங்கு செய்தால் விசுவாசிகளுக்கு இடறலாகும் (கெட்ட முன்மாதிரியாகும்) அளவுக்கு ஊரறியப் பாவத்தில் வாழ்ந்தவர் மூன்றாம் வகை. இவர்களுக்கும்கூட, சாகுமுன் மனம் வருந்திய அடையாளம் ஏதாவது இருந்தால் தடை நீங்கிவிடும். தற்கொலை என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை.

ஊர்ப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, பழையதைச் சொல்கிறார்கள். 561இல் பிராகா நகரில் கூடிய சங்கம், தன் உயிரைத் தானே மாய்த்தவருக்குப் திருப்பலியில் நினைவுகூரலும் அடக்கத்தில் திருப்பாடலும் கூடாது என்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1240ஆம் சட்டத்தில் அந்தத் தடை தொடர்ந்தது. ஆனால் அந்தப் பழைய சட்டத்தையும் முழுதாக வாசிக்க வேண்டும். தெளிந்த மனதோடு, தீர்மானித்து உயிரை மாய்த்தவருக்கு மட்டுமே அது தடை போட்டது. மனம் பேதலித்தவர் அதில் அடங்கவில்லை. சந்தேகம் வந்தால் ஆயரிடம் கேள், கேட்டும் தீராவிட்டால் இடறல் வராதபடி அடக்கம் செய் என்றும் அதே சட்டம் சொன்னது. அதாவது ஊர்வழக்கு அந்தச் சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது நடப்பில் இருந்தது 1917 தொகுப்புதான் என்பதால், பாட்டன் பாட்டி காலத்துப் பேச்சு இன்னும் நிற்பதில் வியப்பில்லை.

சந்தேகம் வந்தால் முடிவு யாருடையது என்பதையும் கவனியுங்கள். 1184இன் இரண்டாம் பிரிவுப்படி மறைமாவட்ட ஆயரிடம் கேட்டு அவர் சொல்வதைப் பின்பற்ற வேண்டும். ஊர்ப் பெரியவருக்கோ கல்லறைக் கமிட்டிக்கோ அந்த அதிகாரம் இல்லை. உங்கள் விஷயத்தில் சந்தேகமே எழவில்லை, பங்குத்தந்தையிடம் கேட்கவே இல்லை என்பதுதான் நடந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: வீட்டார் இரண்டு பேர் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். முப்பதாம் நாள் பூசைக்குத் தேதி கேளுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது 901ஆம் சட்டம். ஆகவே நாளைக் காலைப் பூசையையே அவருக்காக ஒப்புக்கொடுக்கும்படி கருத்து வைக்கலாம். காணிக்கைக்குக் கையில் பணம் இல்லையென்றாலும் கேளுங்கள். ஏழைகளுக்குக் காணிக்கை இல்லாமலே கருத்து ஒப்புக்கொடுக்கும்படி 945ஆம் சட்டம் குருக்களை வலியுறுத்துகிறது.

குழியை மாற்ற வேண்டாம். அடக்கமான உடலைத் தோண்டி எடுக்க அரசு அனுமதி வேண்டும். அம்மாவுக்கு அது இரண்டாவது சாவாகிவிடும். கல்லறைத் தோட்டம் மொத்தமும் மந்திரிக்கப்பட்டதென்றால் வேலியோரமும் மந்திரித்த மண்தான். மந்திரிக்காத நிலம் என்றால் ஒவ்வொரு குழியையும் தனித்தனியே மந்திரிக்க வேண்டும் என்பது இன்றைய 1240ஆம் சட்டம். (பழைய தொகுப்பிலும் புதியதிலும் ஒரே எண், வேறு வேறு பொருள். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) எப்படி இருந்தாலும் பங்குத்தந்தையைக் குழியருகே அழைத்துப்போய் மந்திரித்துச் செபிக்கச் சொல்லுங்கள். ஊர் பார்க்கும்படி பகலில் செய்யுங்கள். இறந்தோர் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். உபதேசியார் மட்டும் செபித்து முடித்த அடக்கங்கள் பதிவில் விட்டுப்போவதுண்டு.


மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

நரகம் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: செயல் எவ்வளவு கனமானது, செய்தவர் எவ்வளவு பொறுப்பாளி.

செயலைப் பற்றித் திருச்சபை தளர்வே காட்டவில்லை. உயிர் நமக்குச் சொந்தமல்ல, கடவுள் ஒப்படைத்தது. நாம் அதன் காரியஸ்தர்கள் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்ற நூல், எண் 2280. தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே மூன்று காரணம் சொன்னார்: தன்னைத் தான் நேசிக்கும் இயல்புக்கு எதிரானது, தான் அங்கமாக இருக்கும் சமூகத்துக்குச் செய்யும் அநீதி, உயிரின் மேல் கடவுளுக்குள்ள உரிமையைப் பறிப்பது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் இதையே உறுதிப்படுத்தினார்.

செய்தவரின் பொறுப்பு வேறு கணக்கு. ஒரு பாவம் சாவான பாவமாக மூன்றும் சேர வேண்டும் என்று சின்னக் குறிப்பிடம் என்ற சிறுவர் மறைக்கல்விப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். ஒன்று குறைந்தாலும் சாவான பாவம் ஆகாது. தற்கொலையில் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டும் இருந்தனவா என்பதுதான் கேள்வி. 2282ஆம் எண் அதற்கு நேராகவே பதில் தருகிறது: கடுமையான மனநோய், தாங்க முடியாத மனவேதனை, துன்பமோ சித்திரவதையோ வரும் என்ற கடும் அச்சம் ஆகியவை செய்தவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும். யோவான் பவுல் இன்னும் ஒரு படி மேலே போய், சில உளவியல், சமூக நெருக்கடிகள் அந்தப் பொறுப்பைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்கவும் செய்யலாம் என்றார்.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில்லை என்றால் அது நோய். கடுமையான மனச்சோர்வில் ஒருவருடைய யோசனை சுருங்கிக்கொண்டே போகும். கடன்காரரிடம் தவணை கேட்கலாம், அண்ணன் வீட்டுக்குப் போகலாம், டாக்டரைப் பார்க்கலாம் என்று நமக்குப் பத்து வழி தெரியும் இடத்தில் அவருக்கு ஒன்றுதான் தெரியும். "நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்" என்பது அவருக்கு உண்மையாகவே படும். அப்படிப்பட்ட மனதிலிருந்து வந்த சம்மதத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல எந்தக் குருவுக்கும் துணிவு வராது.

அவநம்பிக்கை என்ற சொல்லால்தான் நம் பங்குகளில் பெரிய குழப்பமே. "அவநம்பிக்கை பரிசுத்த ஆவிக்கு எதிரான பாவம், இவன் அவநம்பிக்கையில் செத்தான்" என்று கணக்குப் போடுகிறார்கள். மறைக்கல்வி 2091ஆம் எண்ணில் சொல்லும் அவநம்பிக்கை, கடவுள் என்னை மீட்பார், மன்னிப்பார் என்று எதிர்பார்ப்பதையே ஒருவர் விட்டுவிடுவது. அது மனித விருப்பத்தின் செயல். மனச்சோர்வில் வரும் நம்பிக்கையின்மை நோயின் அறிகுறி. காய்ச்சலில் பிதற்றுபவர் பொய்ச்சாட்சி சொன்னார் என்று யாரும் பாவக்கணக்கில் எழுதுவதில்லை. எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார் (1 அரசர் 19). அவரை ஆண்டவர் அவநம்பிக்கைக்காரர் என்று தள்ளவில்லை.

ஆகவே அம்மாவிடம் சொல்ல வேண்டியது 2283ஆம் எண்: தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. தாம் மட்டுமே அறிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனம் வருந்தும் வாய்ப்பைத் தர வல்லவர். திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. பிரான்சில் ஆர்ஸ் பங்கின் குருவாக இருந்த புனித யோவான் மரிய வியான்னியிடம் இப்படிக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்தபோது, உன் கணவன் மீட்படைந்தான், கடைசி நொடியில் மனம் வருந்த அவனுக்கு நேரம் கிடைத்தது என்று அவர் சொன்னதாக வரலாறு உண்டு. அது ஒரு புனிதருக்குக் கிடைத்த தனி வெளிச்சம். நமக்கு அந்த வெளிச்சம் இல்லை. அதனால் "மோட்சத்தில் இருக்கிறார்" என்றும் நாம் அடித்துச் சொல்லக் கூடாது, "நரகத்தில்" என்றும் சொல்லக் கூடாது. இன்னாரெல்லாம் புனிதர் என்று திருச்சபை அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை.


செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

நல்ல விளக்கங்கள். ஆனாலும் ஒரு கவலையைச் சொல்லியே ஆகவேண்டும். இப்படி எல்லாவற்றுக்கும் பூசை, மந்திரிப்பு, இரக்கம் என்று சொல்லிக்கொண்டே போனால், தள்ளாடிக்கொண்டிருக்கும் இளவயதுப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்துவிடாதா? பயமாவது ஒரு வேலியாக இருந்ததே. அப்புறம் யூதாஸ்? அவனும் மனம் வருந்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவன்தான் (மத்தேயு 27). அவன் கதி என்ன?


மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

அண்ணா, கவலை நியாயமானது. தற்கொலையை முன்மாதிரியாக்குவது, குறிப்பாக இளையவர்களுக்கு, இடறலின் கனத்தையும் சேர்த்துக்கொள்கிறது என்று அதே 2282 சொல்கிறது. கடவுள் எப்படியும் மன்னிப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பாவம் செய்வது துணிகரம் என்ற தனிப் பாவம், எண் 2092. எனவே இரக்கத்தைப் பற்றி இறந்தவரின் குடும்பத்திடம் பேசும் பேச்சும், தவிப்பில் இருப்பவரிடம் பேசும் பேச்சும் ஒன்றாக இருக்க முடியாது. அம்மாவிடம் 2283. தவிக்கும் பிள்ளையிடம், "நீ எங்களுக்கு வேண்டும், வா டாக்டரிடம் போவோம்."

பயம் வேலியாக நின்றதா என்பதில் நான் உடன்படவில்லை. பழைய பயம் செய்தது வேறு. வீட்டில் ஒருவருக்கு அந்த எண்ணம் வந்தால் அதை வெளியே சொல்லவிடாமல் வாயைக் கட்டியது. சொன்னால் பாவி என்பார்கள் என்று மறைத்தவர்களைத்தான் நாம் இழந்தோம்.

நம் மரபு பற்றியும் ஒன்று. மானம் போனால் கவரிமானைப் போல உயிர்விடுபவரையும், வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனையும் புகழ்ந்து வளர்ந்தவர்கள் நாம். கடன் கேட்டு வாசலில் நாலு பேர் சத்தம் போட்டால் "மானம் போச்சு" என்பதுதான் முதலில் வரும் வார்த்தை. உரோமையர்களும் அப்படித்தான், கற்பு பறிக்கப்பட்டு உயிர்விட்ட லுக்ரேசியாவைக் கொண்டாடினார்கள். 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் அதை நேருக்கு நேர் மறுத்தார்: தவறு செய்தவன் வேறொருவன், குற்றமற்ற அவள் ஏன் சாக வேண்டும்? அவர் அப்படி எழுதியது, படையெடுப்பில் சீரழிக்கப்பட்டும் உயிரோடிருந்த கிறிஸ்தவப் பெண்களை யாரும் பழிக்கக் கூடாது என்பதற்காகத்தான். அவமானப்பட்டவர் உயிரோடிருப்பதில் குறைவொன்றுமில்லை என்பது இந்தப் போதனையின் பாதி. அந்தப் பாதியை நாம் பிரசங்கத்தில் கேட்பதே இல்லை.

யூதாஸைப் பற்றி ஆண்டவர் சொன்ன வார்த்தைகள் கடுமையானவை (மத்தேயு 26:24). ஆனாலும் அவன் நித்திய கதியைத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாக வரையறுத்ததில்லை. யூதாஸை விட, தோபித்து நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஏழு கணவர்களை இழந்து, வேலைக்காரியின் ஏச்சும் கேட்ட சாரா சாகவே முடிவெடுத்தாள். என் அப்பாவுக்கு நான் ஒரே மகள், அவர் முதிர்ந்த வயதில் துயரத்தோடு பாதாளம் போவாரே என்று நினைத்து நிறுத்தினாள். சன்னலருகே நின்று அவள் செபித்ததும், அதே நேரம் வேறு ஊரில் தோபித்து அழுது செபித்ததும் ஒன்றாகக் கடவுள் முன் போய்ச் சேர்ந்ததாக நூல் சொல்கிறது. இளையோர் கூட்டத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை.

வட்டிக் கடன் என்று மலையடிவாரம் எழுதியிருந்தீர்கள். மறைக்கல்வி 2269 சொல்வது: கொள்ளை வட்டியாலும் பேராசையாலும் சகோதரரைப் பசிக்கும் சாவுக்கும் தள்ளுபவர்கள் மறைமுகமாகக் கொலை செய்கிறார்கள், அது அவர்கள் கணக்கில் சேரும். இறந்தவரின் பாவத்தை எடை போடும் நாக்குகள் இதையும் ஒரு தடவை சொல்ல வேண்டும்.


மருத்துவமனைப் பணியாளர் எழுதியது:

இனி ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் தடுமாறாமல் இருக்கச் சில நடைமுறை விவரங்கள்.

உயிர் இருக்கும்போதே குருவுக்குச் சொல்லுங்கள். ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடந்தாலும் நோயில்பூசுதல் (குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கலாம். நினைவிருந்தபோது மறைமுகமாகவேனும் அதை விரும்பியிருப்பார் என்று கொண்டு கொடுக்கச் சொல்கிறது 1006ஆம் சட்டம். உயிர் போய்விட்டதா என்று சந்தேகமாக இருந்தாலும் கொடுக்கலாம், 1005. இறந்தது உறுதியான பிறகு பூசுதல் கிடையாது, செபம் மட்டும்தான். "தற்கொலை முயற்சி, ஃபாதர் வரமாட்டார்" என்று வீட்டாரே முடிவு செய்து, கூப்பிடாமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

பிழைத்து வந்தவர் பாவசங்கீர்த்தனம் செய்து (குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு) நன்மை (நற்கருணை) வாங்கலாம். அவருக்குத் திருச்சபைத் தண்டனை எதுவும் கிடையாது. குருப்பட்டம் பெறுவதற்கு மட்டும் 1041ஆம் சட்டப்படி தடை உண்டு, அதற்கும் விதிவிலக்குக் கேட்க வழி இருக்கிறது. அரசுச் சட்டத்திலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள்.

இறந்துவிட்டால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் சேரும். பொழுது சாய்ந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021இல் மத்திய அரசு அனுமதித்தபோது, தற்கொலை மரணங்களுக்குப் பொதுவாக அந்த அனுமதி பொருந்தாது என்றது. சாயங்காலம் உடல் மார்ச்சுவரிக்கு வந்தால் மறுநாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அதனால் உடல் கைக்கு வருமுன் அடக்க நேரத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நேரம் நெருக்கியதால்தான் "பூசை வேண்டாம், நேரே கல்லறைக்கு" என்ற முடிவு பல வீடுகளில் வருகிறது. ஒரு இரவு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு, காலையில் நிதானமாகப் பூசையோடு அடக்கம் செய்யலாம்.

நாளையும் பாருங்கள். பெரிய வியாழன் முதல் பாஸ்கா மூன்று நாட்களிலும், கடன் திருநாட்களிலும் (எல்லாரும் கட்டாயம் பூசை காண வேண்டிய பெருவிழாக்கள்), திருவருகைக்கால, தவக்கால, பாஸ்காக்கால ஞாயிறுகளிலும் அடக்கத் திருப்பலி யாருக்குமே கிடையாது. அன்று வாசகமும் செபமும் கொண்ட சடங்கோடு அடக்கம் செய்து, பூசையைப் பின்னால் வைப்பார்கள். இது தெரியாமல் "தற்கொலை என்பதால் மறுத்தார்கள்" என்று சண்டைக்குப் போவதும் நடக்கிறது.

அடக்கத்தில் யார் பேசினாலும் எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம், எழுதிவைத்த கடிதத்தை வாசிக்க வேண்டாம். "இப்போது அவருக்கு நிம்மதி கிடைத்துவிட்டது" என்றும் சொல்ல வேண்டாம். கூட்டத்தில் அதே எண்ணத்தோடு நிற்கும் இன்னொருவர் காதில் அது வேறு மாதிரி விழும்.

அந்த வீட்டில் மீதி இருப்பவர்களையும் கவனியுங்கள். இழப்புக்குப் பின் வரும் மாதங்களில் நெருங்கிய உறவுகளுக்கும் ஆபத்து கூடுதல். எலியாவிடம் வந்த தூதர் முதலில் உபதேசம் செய்யவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்று எழுப்பினார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அன்பியத்தில் முறை போட்டு அந்த அம்மாவுக்கு ஒரு மாதமாவது இரவுச் சாப்பாடு போகட்டும். யாராவது சாக வேண்டும் என்று பேசினால், "அந்த எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. அவரைத் தனியே விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.


மலையடிவாரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டோம். முப்பதாம் நாள் பூசையும், அன்றே குழி மந்திரிப்பும் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கோவிலில் பெயர் எழுதிக்கொடுப்பார்களே, அதில் மகன் பெயரையும் எழுதலாமா? பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதையும் நீக்கும் திருச்சபையின் சலுகை) இவனுக்கும் சேருமா என்கிறார்.


சட்டநூல் வாசகர் எழுதியது:

எழுதலாம். மற்றவர்கள் பெயரோடு வரிசையில், எந்தக் குறிப்பும் இல்லாமல்.

பலனும் கேட்கலாம். நவம்பர் 1 முதல் 8 வரை ஒவ்வொரு நாளும் கல்லறைக்குப் போய், மனதுக்குள்ளாவது இறந்தோருக்காகச் செபித்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சம் சேருமுன் தூய்மை பெறும் நிலையில்) இருக்கும் ஆன்மாவுக்காகப் பரிபூரண பலன் பெறலாம், நாளுக்கு ஒன்று. நவம்பர் 2 அன்று கோவிலைச் சந்தித்து ஒரு பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னாலும் கிடைக்கும். கூடவே பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குதல், பாப்பரசர் கருத்துக்காகச் செபம், எந்தப் பாவத்தின் மேலும் பற்றில்லாத மனம் வேண்டும். ஒரு பாவசங்கீர்த்தனம் பல நாள் பலனுக்குப் போதும். நன்மையும் பாப்பரசர் கருத்துச் செபமும் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியாக. எப்படி இறந்தவர் என்று அந்த விதிகளில் ஒரு கேள்வியும் இல்லை.

அம்மாவுக்கு மலைப்பாதையில் நடக்க முடியுமென்றால் எட்டு நாளும் கூட்டிப்போங்கள். வேலியோரம்தானே, புதர் மண்டும். அக்டோபர் கடைசியிலேயே போய் வெட்டி, சுண்ணாம்பு அடித்து வையுங்கள்.